கடலுக்கு முதுகு காட்டி இருப்பவர்கள்

மயிலாடுதுறையிலிருந்து கடல் முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. மேட்டூர் அணை இருநூறு கிலோமீட்டருக்கு மேல். ஆனாலும் எங்கள் பக்கத்தில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மேட்டூரில் இன்று எத்தனை அடித் தண்ணீர் என்று சொல்லிவிடுவார்கள். கடலில் இன்று என்ன காற்று என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். எங்களுக்குத் தண்ணீர் மேற்கிலிருந்து வருகிறது. ஆகவே முகமும் மேற்கே பார்த்தே இருக்கிறது. கடல் முதுகுப் பக்கம் அதன்பாட்டுக்குக் கிடக்கும். ஆடி அமாவாசைக்கும் மாசி மகத்துக்கும் காணும் பொங்கலுக்கும் திரும்பிப் பார்ப்போம். அப்புறம், யாராவது செத்துப்போனால் அஸ்தி கரைக்கப் போவோம்.

அதனால்தான் 2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை மதியம் நண்பன் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, "கடலுக்குப் போவோமா?" என்று கேட்டபோது, "ஐயோ, யாருக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டேன்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவனுடைய ஆழ்குழாய்க் கிணற்று மோட்டாருக்குத்தான் ஆகியிருந்தது. உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் எரிந்துபோய், மயிலாடுதுறைக்குக் கொண்டுவந்து கட்டக் கொடுத்திருந்தான். நாளைக் காலை வாருங்கள் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். செம்பனார்கோயில் பக்கம் ஒரு வேலிக்கு, அதாவது ஏறக்குறைய ஆறரை ஏக்கருக்கு, சற்றுக் குறைவான நிலம் வைத்திருப்பவன் அவன். மோட்டார் ஓடாத நாளில் ஊருக்குத் திரும்பிப் போய்க் காய்ந்த வயலைப் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு மனமில்லை. பிள்ளைகளுக்கு நான்கு நாட்களுக்கு முன்புதான் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. நான் சின்ன வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிப் பிழைப்பவன். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு என்னை யாரும் தேடமாட்டார்கள். கிளம்பிவிட்டோம்.

அந்த வாரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். டெல்டாவில் கோடை முடிவது வெயில் குறைவதால் அல்ல, ஜூன் மாதத்தில் எங்களுக்கு வெயில் குறைவதுமில்லை. கோடை முடிந்தது என்று சொல்ல இரண்டு தேதிகள்தான் உண்டு. ஒன்று ஜூன் 12. குறுவை நெல் சாகுபடிக்காக மேட்டூரைத் திறக்கும் நாள். 1934 இல் அணை பாசனத்துக்கு வந்த பிறகு டெல்டாவின் பஞ்சாங்கத்தில் ஏறிக்கொண்ட தேதி. இன்னொன்று ஜூன் 14. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 இல் தொடங்கும் 61 நாள் மீன்பிடித் தடை அன்று நள்ளிரவோடு முடிகிறது. முதல் தேதி வயல்காரர்களுடையது, இரண்டாவது கடல்காரர்களுடையது. இரண்டுக்கும் இடையில் இரண்டே நாள்தான். ஆனால் ஒரு தரப்புக்கு மற்றொன்றின் தேதி தெரியாது. எனக்கும் அன்று மாலை வரை தெரியாது.

2024 இல் முதல் தேதி பொய்த்துப்போனது. அணையின் முழு உயரம் 120 அடி என்றால், அந்த ஜூன் மாதத்தில் ஐம்பது அடிகூட இல்லை. திறக்க வழியில்லை என்று எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். தெரிந்திருந்தும் 12 ஆம் தேதி காலையில் செய்தித்தாளைப் பிரித்துப் பார்த்தவர்கள்தான் அதிகம். நண்பன் அதற்காகக் காத்திருக்கவில்லை. ஆழ்குழாயை நம்பி நாற்றங்கால் விட்டிருந்தான், அதுவும் கொஞ்சம் நிலத்துக்கு மட்டும். அந்த நேரம் பார்த்து மோட்டார் எரிந்தது.

பூம்புகாரா தரங்கம்பாடியா என்று மன்னம்பந்தல் வரை பேசிக்கொண்டே போனோம். காவிரி கடலில் சேரும் இடம் பூம்புகார். தண்ணீரில்லாத காவிரியின் வாயைப் போய்ப் பார்க்கத் தன்னால் முடியாது என்றான். தரங்கம்பாடி என்று முடிவாகிவிட்டது. இந்தச் சாலைக்குப் பக்கத்தில்தான் ஒருகாலத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. 1926 இல் போட்ட பாதை, 1986 இல் நிறுத்திவிட்டார்கள். என் அப்பா பொறையாறு வரை அதில் போயிருக்கிறார். கடல் வரை ரயில் போட்டிருந்தும் எங்கள் வீட்டில் யாரும் கடைசி ஸ்டேஷன் வரை போனதாகத் தெரியவில்லை.

ஆக்கூரில் இரண்டு துண்டு வாங்கினோம். திருக்கடையூரில் டீ குடித்தோம். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் முடித்த தம்பதிகளை ஏற்றிக்கொள்ளக் கார்கள் வரிசையாக நின்றன. மாலை போட்டுக்கொண்டு நின்ற ஒரு தாத்தா, வெயிலில் நெளிந்துகொண்டே பேரனின் செல்போனைப் பார்த்துச் சிரித்தார். வழியெல்லாம் வாய்க்கால்கள் வறண்டு, தூர் வாரிய மண் கரையில் புதிதாகக் குவிந்திருந்தது. ஆண்டுதோறும் தண்ணீர் வருவதற்குச் சற்று முன்பு இந்தத் தூர்வாரும் வேலை நடக்கும். அந்த ஆண்டு வாய்க்கால்கள் சுத்தமாகத் தயாராக இருந்தன, தண்ணீர்தான் வரவில்லை.

தரங்கம்பாடியின் சரித்திரம் பலருக்கும் தெரிந்ததுதான். 1620 இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் வந்தார்கள். கோட்டை கட்டினார்கள். 1706 இல் மதபோதகர் சீகன்பால்க் வந்து இறங்கினார், அடுத்த சில ஆண்டுகளில் இங்கே தமிழ் அச்சு ஓடியது. 1845 இல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். ஊர் வாசலில் வெள்ளையடித்த வளைவு ஒன்று நிற்கிறது, அதற்குள் நுழைந்து நேரே போனால் கடல். கோட்டைக்குள் போவோம் என்று நான் சொன்னேன். "கோட்டை எங்கும் ஓடிப்போகாது" என்று சொல்லிக்கொண்டே அவன் மணலில் இறங்கிவிட்டான்.

இறங்கியதும் பெரிய ஏமாற்றம். கடற்கரையில் காற்று வாங்க வந்தவர்கள் முகத்தில் அனலடித்தது. அடித்த காற்று கடலிலிருந்து வரவில்லை, நாங்கள் வந்த திசையிலிருந்தே வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு, சூடேறி, தமிழ்நாட்டைக் குறுக்கே கடந்து எங்களுக்கு வந்து சேர்கிறது. அது பலமாக வீசும் நாட்களில் கடற்காற்று கரையேற முடியாமல் வெளியே நின்றுவிடும். மணல் காலில் ஊசியாகக் குத்தியது. சுண்டல் விற்றவர் பெட்ரோமாக்ஸ் தகரத்தைக் காற்றுக்கு மறைப்பாக மேற்குப் பக்கம் வைத்திருந்தார். கடற்கரையில் மறைப்பை மேற்கே வைத்து அன்றுதான் பார்த்தேன்.

பிறகு, ஐந்து மணி வாக்கில், அது மாறியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லாமல் இருக்க முடியாது. முதலில் காற்று நின்றது. பறந்துகொண்டிருந்த பாலித்தீன் பைகள் கீழே விழுந்தன. வியர்வை பொங்கியது. கடலின் தொலைவில் ஒரு கருநீலக் கோடு தெரிந்தது, அது மெல்லக் கரையை நோக்கி அகலமாகிக்கொண்டே வந்தது. அந்தக் கோடு எங்களைத் தொட்டதும் நண்பனின் வேட்டி எதிர்ப்பக்கம் பறந்தது. உடம்பெல்லாம் ஈரக் காற்று. அதே இடம், அதே வெயில், ஆனால் ஊரே மாறிப்போனது போலிருந்தது. கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் தலையைத் தூக்காமலே, "கச்சான் விழுந்துவிட்டது. இனிமேல் குளிக்கலாம், தம்பி" என்றார். மேற்கிலிருந்து வீசிய அந்தக் காற்றைத்தான் கச்சான் என்றார்.

தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், நுரையீரலுக்கு நல்லது என்று சொல்லி அழைத்துவருபவர்கள் உண்டு. நண்பனும் அன்று மூச்சை இழுத்து இழுத்து விட்டான். தரையளவில் ஓசோன் மிகுந்தால் அது நுரையீரலுக்குக் கெடுதல். கடல் வாசனை என்று நாம் முகர்வதில் பெரும்பங்கு, கடலின் நுண்பாசிகள் அழியும்போது உண்டாகும் டைமெத்தில் சல்பைடு என்ற கந்தகப் பொருள். இதைச் சொன்னேன். "நல்ல காற்றுக்கு எதற்கடா இவ்வளவு கெட்ட பெயர்" என்றான்.

இரண்டு பேரும் ஆற்றில் நீந்தக் கற்றவர்கள். கடலில் அது பாதி உதவும், பாதி கெடுக்கும். ஆறு ஒரு பக்கம்தான் இழுக்கும். அதற்குக் குறுக்கே எப்படிப் போவது என்று உடம்புக்குத் தெரியும். கடல் முன்னால் தள்ளும், பின்னால் இழுக்கும், காலடி மணலைக் கரைத்து ஆளைச் சாய்க்கும். இவையெல்லாம் தெரிந்த இழுப்புகள். யாரும் கவனிக்காத ஒன்று பக்கவாட்டில் நடந்துகொண்டிருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி மோட்டார், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், அவன் மாமனாரின் கண் ஆபரேஷன் என்று பேசிக்கொண்டிருந்தோம். திரும்பிப் பார்த்தால் கரையில் எங்கள் துணியைக் காணவில்லை. யாரோ எடுத்துப்போய்விட்டார்கள் என்று நண்பன் கத்தினான். துணி இருந்த இடத்தில்தான் இருந்தது. நாங்கள்தான் நின்ற இடத்திலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு வடக்கே நகர்ந்துபோயிருந்தோம். இந்தப் பருவத்தில் கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். வடகிழக்குப் பருவம் வந்ததும் திசை மாறிவிடும்.

தண்ணீர் குளிர்ந்திருந்தது. அப்படி ஒரு வெயிலில் அவ்வளவு குளிர்ச்சியை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. தென்மேற்குக் காற்று கரையோரமாக வீசும்போது மேல்நீரை வெளியே தள்ளிவிடுகிறது, அந்த இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. அதோடு கடல்வாழ் உயிர்களுக்கான சத்தும் வரும். நண்பனின் முழங்காலில் சொறிமீன் ஒன்று உரசிவிட்டு, கோடு கோடாகச் சிவந்தது. பெரியவரிடம் காட்டினோம். கடல்நீரை விட்டே கழுவச் சொன்னார். நல்ல தண்ணீரை ஊற்றினால் எரிச்சல் கூடும் என்றார். "கடல் கொடுத்ததைக் கடலிலேயே கழுவு" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். சற்றுத் தள்ளித் துறைமுகத்தில் விசைப்படகுகள் புதுப் பெயின்ட் பூசி நின்றன. ஐஸ் பார்களை உடைத்துப் பெட்டியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். டீசல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நள்ளிரவுக்குப் பிறகு கடலுக்குப் போகிறார்கள் என்றார் பெரியவர். அவர் மகன் ஒரு விசைப்படகில் போகிறானாம். அவர் பைபர் படகோடு நிறுத்திக்கொண்டவர். பைபர் படகுக்குத் தடை இல்லை, கரையோரம் போய்வரலாம். அவர் சொல்லித்தான் அன்றைய தேதியின் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அதுவரை அந்தப் பரபரப்பை ஏதோ திருவிழா என்றே நினைத்திருந்தேன்.

"நீங்கள் எந்த ஊர், தம்பி?"

நண்பன் சொன்னான். வயல்காரன் என்றும் சொன்னான்.

"மேட்டூர் திறக்கவில்லையாமே."

நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கடலோரத்தில் ஒருவர் மேட்டூரை விசாரிப்பார் என்று அவன் நினைக்கவில்லை. பிறகு எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் விட்டுவைக்காத அந்தப் பேச்சை எடுத்தான். வெள்ளம் வரும் ஆண்டில் எவ்வளவு தண்ணீர் வீணாகக் கடலில் போய்க் கலக்கிறது, அதைத் தேக்கியிருந்தால் இந்த ஆண்டு இப்படி ஆகியிருக்குமா என்றான். நானும் தலையாட்டினேன். நாற்பது ஆண்டுகளாகத் தலையாட்டிப் பழகிய இடம் அது.

பெரியவர் கோபப்படவில்லை. கையில் வலை ஊசி ஓடிக்கொண்டே இருந்தது. "வீண் என்று நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் சொல்லமாட்டோம். ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் முகத்துவாரம் திறக்கும். வராவிட்டால் கடல் மணலைப் போட்டு அடைத்துவிடும். முகத்துவாரம் திறந்தால்தான் இறால் குஞ்சு ஆற்றுக்குள் ஏறும். உள்ளே வளர்ந்து திரும்பிக் கடலுக்கு வரும். ஆறு அடைபட்டுக் கிடந்தால் இறால் எங்கே போய் வளரும்?"

பள்ளிக்கூடத்தில் இதை எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. இறால் கடலில் முட்டையிடுகிறது. அதன் குஞ்சுகள் நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் கழிமுகத்தைத் தேடி வந்து அங்கே பெரிதாகின்றன. எங்கள் வரைபடத்தில் ஆறு கடலில் முடிகிறது. இறாலுக்கு அது வாசல்.

"மீனுக்குத் தண்ணீர் விட்டால் நாங்கள் என்ன சாப்பிடுவது, ஐயா?" என்றான் நண்பன். குரலில் மரியாதை இருந்தது, சூடும் இருந்தது.

பெரியவர் வேறொன்று கேட்டார். "உங்கள் போர் தண்ணீர் எப்படி இருக்கிறது?"

நண்பன் உடனே பதில் சொல்லவில்லை. "கொஞ்சம் உவர்க்கிறது" என்றான். அது எனக்கே புதிய செய்தி. வீட்டில்கூட அவன் அதைச் சொல்லியிருக்கமாட்டான்.

"மேலேயிருந்து நல்ல தண்ணீர் தள்ளவில்லை என்றால் கீழேயிருந்து உப்புத் தண்ணீர் ஏறத்தான் செய்யும். எங்கள் தெருவில் அடி பம்பு எல்லாம் எப்போதோ கரித்துப்போய்விட்டது. இப்போது உங்கள் பக்கம் வருகிறது" என்றார். கேலியாகச் சொல்லவில்லை, பயமுறுத்தவும் இல்லை. பக்கத்து வீட்டுச் சேதியைச் சொல்லும் குரலில் சொன்னார்.

கையை நீட்டி மாசிலாமணிநாதர் கோயிலைக் காட்டினார். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டிய கோயில். முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. மேலும் போகாமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். தன் தாத்தா காலத்தில் கோயிலுக்கு முன்னால் தேர் ஓடும் அளவுக்கு இடம் இருந்ததாகச் சொன்னார். கடல் எதையும் காரணமில்லாமல் தின்பதில்லை. ஆறுகள் கொண்டுவரும் மணல்தான் கரைக்கு முதலீடு. அந்த மணல் அணையிலும் தடுப்பணையிலும் தங்கிவிடுகிறது, தங்காததை லாரிகள் அள்ளிவிடுகின்றன. அப்புறம் கடல் கரையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்தக் கோயில் கரைந்ததற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். டேனிஷ்காரர்கள் காலத்திலேயே இங்கே கடல் அரிப்பு உண்டு. ஆனால் வரவு நின்றுபோன கணக்கு எப்படி முடியும் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியும்.

2004 சுனாமியைப் பற்றி அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. "அந்த வருஷத்துக்கு முன்னால்" என்று ஒரு முறை சொன்னார். எந்த வருஷம் என்று கேட்க வேண்டிய தேவை அந்தக் கடற்கரையில் யாருக்கும் இல்லை.

இருட்டும் நேரத்தில் பசித்தது. வண்டிக்கடையில் மீன் வறுத்துக்கொண்டிருந்தார்கள். மசாலா மணம் ஆளைத் தூக்கியது. இரண்டு துண்டு வாங்கிக் கடித்ததும் நண்பன் மென்றபடியே நின்றான். "இது கட்லா" என்றான். கடைக்காரரும் மறைக்கவில்லை. தடைக்காலத்தில் பெரிய மீன் கிடைப்பதில்லை, பண்ணைக் குட்டையிலிருந்து வருகிறது என்றார். கடற்கரையில் நின்று குளத்து மீன் தின்றோம். நன்றாகவே இருந்தது. இன்னும் இரண்டு வாங்கினோம். பைபர் படகில் வந்த நெத்திலி ஒரு பெண்மணியின் கூடையில் கொஞ்சம் இருந்தது. ஒரு கூறு கேட்டேன், சொன்ன விலையில் மயிலாடுதுறையில் ஆட்டுக்கறி வாங்கலாம். "நாளைக்கு வா அண்ணே, பாதி விலைக்குத் தருகிறேன்" என்று சிரித்தார். எங்களை வாங்கவைக்க அவர் கொஞ்சமும் மெனக்கெடவில்லை, அதுவே எனக்குப் பிடித்திருந்தது.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து நண்பன் பேசிக்கொண்டே வந்தான். பெரியவர் சொன்னதில் எது சரி, எது சரியில்லை என்று வழக்கறிஞர்போல ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். இறால் சரி. உப்பு ஏறுவது சரி. ஆனால் கடைமடைக்காரன் ஒரு முறை இறைத்து நாற்றைக் காப்பாற்ற நினைக்கும்போது முகத்துவாரத்தைப் பற்றிப் பேசுவது எப்படிச் சரியாகும்? கர்நாடகத்திலிருந்து நம் பங்கு வரவில்லை, வந்ததில் நமக்குள் ஆயிரம் சண்டை, இதில் கடலும் ஒரு பங்காளியா? கேள்விகள் நியாயமானவைதான். நான் பதில் சொல்லவில்லை. காற்றில் கேட்கவில்லை என்று பாசாங்கு செய்துகொண்டு ஓட்டினேன்.

மறுநாள் மோட்டார் கிடைத்தது. போட்டதும் ஓடியது. நாற்றைக் காப்பாற்றிக் கொஞ்சம் நட்டான். மீதி நிலம் குறுவையில் தரிசாகக் கிடந்தது.

அந்த ஆண்டு காவிரி எங்களோடு விளையாடியது. ஜூலையில் கர்நாடக அணைகள் நிரம்பி வழிந்து, ஐம்பது அடிக்குக் கீழே கிடந்த மேட்டூர் மளமளவென்று ஏறியது. ஜூலை 28 அன்று பாசனத்துக்குத் திறந்தார்கள். 30 ஆம் தேதி அணை 120 அடியைத் தொட்டது. குறுவைக்குக் காலம் கடந்துவிட்டது, அடுத்துவரும் சம்பா சாகுபடிக்குத்தான் ஆகும். அணையில் நிற்காத உபரி நீர் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்துக்குத் திரும்பி, பழையாறு பக்கம் கடலுக்குப் போனது. தொலைக்காட்சியில் வழக்கமான வாசகம் ஓடிக்கொண்டிருந்தது: வீணாகக் கடலில் கலக்கும் காவிரி நீர்.

ஆகஸ்ட் முதல் வாரத்தில் நண்பன் போன் செய்தான். "பார்த்தாயா? லட்சம் கன அடிக்கு மேல் போகிறது. உன் பெரியவருக்கு இந்த ஆண்டு இறால் அறுவடைதான்."

"உனக்கும் சம்பாவுக்குத் தண்ணீர் வருகிறதே" என்றேன்.

"வருகிறது. யார் இல்லை என்றார்கள்? குறுவைக்கு வராமல் போனதை எந்தப் பக்கத்தில் எழுதுவாய், அதைச் சொல். வரவிலா, செலவிலா?"

பெரியவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடு, இந்த முறை விசைப்படகு மீன் கிடைக்கும் என்றான்.